சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயத்துப் பிள்ளை ஒருத்தி உயர்தரம் தேறி, இந்தியாவில் படிக்க அந்நாட்டு அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறாள். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் வேறு பெயர். அன்று சிங்களத்தில் பதிந்ததை நம்மால் வாசித்துப் பார்க்க முடியவில்லை.

சொந்தச் செலவில் அனுப்பலாமா? விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். நமது நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவானது. லயத்தை ஈடு வைக்கவும் உறுதி நம் பெயரில் இல்லை. புலமைப்பரிசில்தான் வழி.

அவள் போவாளா, இன்னும் தெரியாது. முடிவுத் திகதிக்குள் பெயர் திருத்த, பிரதேச செயலகத்துக்கு அவளோடு நாமும் போகிறோம்.

மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். பிழையிருந்தால் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள்.