எதற்காகக் காத்திருக்கிறாய்?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலில் கற்ற ஏதாவது ஒன்றைப் பேசு. 15 நிமிஷம்தான். அதற்கு மேல் போனால் சாப்பாட்டு மணி அடித்துவிடுவோம்" என்று நம் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். 1984-இல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன் நான். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் டேட்டாபேஸோடுதான் குடித்தனம். அதில் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றால், "என்ன செய்கிறாய்?" என்று மட்டும் அதைக் கேட்டால் போதாது. "எதற்காகக் காத்திருக்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலையைவிட என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் கொடுத்த விலை அதிகம். அதையும் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டேட்டாபேஸ் என்பது பல பேர் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் கூடிய ஒரு பெரிய பேரேடு. நீங்கள் அதில் நுழைந்ததும் உங்கள் வேலையைப் பார்க்க ஒரு 'சர்வர் ப்ராசஸ்' அமர்த்தப்படுகிறது. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரம் இரண்டே வகை. ஒன்று, கை ஓடுகிற நேரம். இன்னொன்று, நிற்கிற நேரம்.

அவர் ஏன் நிற்கிறார்? உள்ளேயிருந்து சாதம் வரவில்லை என்று நிற்கலாம். அதுதான் டிஸ்க்கிலிருந்து தகவல் வருவதற்கான காத்திருப்பு. 'பரிமாறியாச்சு' என்று நோட்டில் பதிந்த பிறகுதான் நகரலாம் என்று நிற்கலாம். டேட்டாபேஸில் 'கமிட்' கொடுத்தால், அந்த மாற்றம் லாக் ஃபைலில் எழுதி முடியும்வரை ப்ராசஸ் இப்படித்தான் நிற்கும். ஒரே ஒரு கரண்டிக்கு நாலு பேர் கை நீட்டினால், ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் நிற்க நேரும். அதை 'லாட்ச்' என்பார்கள். சாப்பிடுகிறவர் இன்னும் எதையும் கேட்கவில்லை என்றும் சும்மா நிற்கலாம். அதில் தப்பே இல்லை.

கடைசியாக ஒன்று, 'லாக்', அதாவது பூட்டு. நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். துண்டு போட்டவர் டீ குடிக்கப் போயிருப்பார். பஸ்ஸில் இன்ஜின் நன்றாக இருக்கும், டீசல் இருக்கும், டிரைவரும் இருப்பார். ஆனாலும் அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார முடியாது.

இனி கதைக்கு வருகிறேன். 1998. மோட்டார் உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் இ.டி.பி. மேனேஜர். கம்பெனி பெயர் வேண்டாம். ஆரக்கிள் டேட்டாபேஸ், யூனிக்ஸ் மெஷின், சுமார் 60 டெர்மினல்கள். மாதம் முழுக்க ஒழுங்காக ஓடும். மாதக் கடைசி நாளில் மட்டும், காலை 11 மணி வாக்கில் பில்லிங் அப்படியே நின்றுபோகும். வாசலில் லாரிகள் வரிசை கட்டும். டிரைவர்கள் சத்தம் போடுவார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, யாரும் ஒன்றும் செய்யாமலே, தானாகச் சரியாகிவிடும்.

ஜூன் மாதம் இது நடந்ததும் நிர்வாகம் என்னிடம் ரிப்போர்ட் கேட்டது. நான் எழுதினேன்: மெஷின் போதாது, டிஸ்க் மெதுவாக இருக்கிறது, புது டிஸ்க்குகள் வாங்க வேண்டும். அதே ரிப்போர்ட்டில், 'கேட்கிற தகவல் 100-க்கு 99 முறை டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியிலேயே கிடைத்துவிடுகிறது' என்று பெருமையாகவும் எழுதியிருந்தேன். மெமரியிலேயே கிடைக்கிறது என்றால் டிஸ்க்கை ஏன் குறை சொல்ல வேண்டும்? மேலே ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னிடம் ஒரு பையன் வேலை பார்த்தார். சேர்ந்து எட்டு மாதம், இன்னும் ப்ரொபேஷன். அவர் மட்டும் கேட்டார். "சார், அந்த நேரத்துல சி.பி.யூ. 90 பர்சென்ட் சும்மா இருக்கு. டிஸ்க் லைட்டும் மினுக்கவே இல்ல. மெஷின் வேலையே செய்யல சார், எதுக்கோ நிக்குது" என்றார். "தம்பி, முதல்ல பேக்கப் டேப்பை ஒழுங்கா மாத்து. மெஷினை நான் பாத்துக்கறேன்" என்றேன். நாலு பேர் எதிரில்தான் சொன்னேன்.

ஆகஸ்டில் புது டிஸ்க்குகள் வந்தன. ஆகஸ்ட் கடைசி நாள், அதே 11 மணிக்கு அதே தேக்கம். யாராவது ஒருவர் பழி ஏற்க வேண்டுமே. டிஸ்க்கை மாற்றி அமைத்த வேலையில் அந்தப் பையனும் இருந்தார். அவருடைய ப்ரொபேஷன் அறிக்கையில் 'இன்னும் பக்குவம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ப்ரொபேஷனை ஆறு மாதம் நீட்டினார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

செப்டம்பரில் மெஷின் ரூம் லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் கடைசி நாள் பக்கத்தில் அவர் கையெழுத்து: '11.10. பில்லிங் ப்ராசஸ் 23 காத்திருப்பு. என்க்யூ. 1415053318.' பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு. அந்த எண்ணைப் பதினாறடிமானத்துக்கு மாற்றினால் 54580006. ஆஸ்கி அட்டவணைப்படி 54 என்றால் 'டி', 58 என்றால் 'எக்ஸ்'. கடைசி 6 என்பது 'எனக்கு மட்டும், வேறு யாருக்கும் இல்லை' என்கிற பூட்டு. டி.எக்ஸ். என்றால் ஒரு டிரான்சாக்ஷன், தான் மாற்றிய வரிசையைக் கமிட் செய்யும்வரை பிடித்துவைத்திருக்கும் பூட்டு. பஸ் சீட்டில் போட்ட துண்டு! அதற்குக் கீழே அவரே எழுதியிருந்தார்: 'பிடித்திருப்பது ஸ்டோர்ஸ் டெர்மினல்?'

அவர் பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. ஆரக்கிளில் 7-ஆம் பதிப்பிலிருந்தே 'வி டாலர் செஷன் வெயிட்' என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு ப்ராசஸும் இந்த நிமிஷம் எதற்காக நிற்கிறது என்பதைத் தானே அதில் சொல்லும். நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்கு வைக்க 'டைம்டு ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்று ஒரு அமைப்பு உண்டு. மெஷின் மெதுவாகிவிடும் என்று பயந்து அதையும் அணைத்தே வைத்திருந்தேன். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, நேரம் எங்கே போச்சு என்று தேடிய புத்திசாலி நான்!

அந்த மாதக் கடைசி நாளில், 11 மணிக்கு, ஸ்டோர்ஸுக்கே நேராகப் போனேன். அங்கே இருந்த அம்மா கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் ஆயில் ஃபில்டர் வரிசை. எண்ணிக்கையை மாற்றி அடித்திருந்தார், ஆனால் சேவ் செய்யவில்லை. எங்கள் படிவத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலே அந்த வரிசை பூட்டிக்கொள்ளும்.

"ஏம்மா, சேவ் பண்ணிட்டு உட்காரக் கூடாதா?" என்றேன்.

"நீங்கதானே சார் கையேட்டுல எழுதியிருக்கீங்க, குடோன்லேர்ந்து எண்ணிச் சொன்ன பிறகுதான் சேவ் பண்ணணும்னு? அவங்க எண்ணிட்டு இருக்காங்க" என்றார்.

சங்கிலி புரிந்தது. ஆயில் ஃபில்டர் இல்லாத பில் அபூர்வம். அந்த வரிசைக்காக ஒரு பில் நிற்கும். நிற்கும்போதே, தான் ஏற்கெனவே தொட்ட ஃபேன் பெல்ட்டையும் பிரேக் ஷூவையும் பிடித்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்காக வேறு பில்கள் நிற்கும். அத்தனைக்கும் முன்னால் நிற்கும் ஸ்டோர்ஸ் ப்ராசஸைக் கேட்டால், 'டெர்மினலிலிருந்து உத்தரவு வரவில்லை' என்று அது சொல்லும். அந்த அம்மா குடோன் போனுக்காகக் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கச் சொன்னது என் கையேடு. பூட்டிக்கொள்ளும் படிவமும் என் அமைப்பு. துண்டு போட்டவன் நான்தான்.

தீர்வுக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. திரையில் காட்டும்போது பூட்டாதே. பழைய எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள். சேவ் செய்கிற கணத்தில் மட்டும் பூட்டு. இடையில் வேறு யாராவது மாற்றியிருந்தால், 'மாறிவிட்டது, மறுபடி பார்' என்று சொல். அக்டோபர் கடைசி நாள் பில்லிங் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. லட்சக்கணக்கில் வாங்கிய டிஸ்க்குகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இளைய நண்பர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு வேலைக்கு 60 நிமிஷம் ஆகிறது என்று வையுங்கள். சி.பி.யூ. 6, டிஸ்க் 9, பூட்டு 45. டிஸ்க்கை இரட்டிப்பு வேகமாக்கினால் மிச்சம் நாலரை நிமிஷம்தான். பூட்டை அவிழ்த்தால் 45 நிமிஷமும் மிச்சம். எது பெரிய பங்கு என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. காத்திருப்பே இல்லாமல் சி.பி.யூ. மட்டுமே ஓடுகிறது என்றால், அப்போது வினவலைத் திருத்த வேண்டும். அது வேறு வைத்தியம்.

பிற்பாடு இந்த வழியே தொழிலின் பொது வழியாகிவிட்டது. கேரி மில்சாப்பும் ஜெஃப் ஹோல்ட்டும் 2003-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். ஆரக்கிள் 10ஜி வந்தபோது காத்திருப்புகளை வகை வகையாகப் பிரித்து, யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பதையும் அதுவே காட்டியது. அந்தப் பையன் பென்சிலால் போட்ட கணக்குக்குத் தேவையில்லாமல், 'வரிசைப் பூட்டுப் போட்டி' என்ற அர்த்தத்தில் பெயரே வந்துவிட்டது. 2005-இல் எஸ்.க்யூ.எல். சர்வரிலும், 2016-இல் போஸ்ட்கிரெஸ் 9.6-லும் இதேபோன்ற வசதி வந்தது. கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: எதற்காகக் காத்திருக்கிறாய்?

அந்தப் பையனை 1999-இல் வேறொரு ஊரில் தேடிப் பிடித்தேன். லாக் புக் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க சார், கண்டுபிடிச்சிட்டீங்கல்ல" என்றார். ஆனால் நான் எழுதிய வரியை அலுவலகக் கோப்பில் திருத்த முடியவில்லை. ஆள் போன பிறகு அறிக்கையை மாற்ற விதியில் இடமில்லை என்றார்கள். 'பக்குவம் போதாது' என்ற வரி அங்கே அப்படியே கிடந்தது. அது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே மேனேஜர்களாகவும் முதல்வர்களாகவும் முதலாளிகளாகவும் பல பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒருவர் மெதுவாக இருக்கிறார் என்று தோன்றினால், அவர் பேரில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். எதற்காக நிற்கிறார் என்று கேளுங்கள். சங்கிலியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போங்கள். அந்தக் கடைசி முனை உங்கள் மேஜையில் வந்து முடிந்தாலும் முடியும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று நான் கேட்க வேண்டியதில்லை!