துண்டு வெட்டிய பிறகு

(யூபிலி விழாக் கூட்டத்தில், நோயாளரைச் சந்திக்கும் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிவிட்டால் நோய் தீர்ந்தது என்று மகிழ்கிறோம். ஆனால் நம் மலையகத்து லயங்களில் முதியோரைச் சந்தித்துவரும் நாங்கள் கண்டது வேறு. பலருக்கு அன்றுதான் கஷ்டம் தொடங்குகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸும் இலவசம். ஆனால் அது ஆபத்தில் கொண்டுபோகத்தான். வீடு திரும்ப நாமே ஆட்டோ பிடிக்கவேண்டும். கையில் தரும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில். வாயால் சொல்வது சிங்களத்தில். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மாத்திரை உறைமேல் அந்தத் தமிழை நாங்கள் அதிகம் காணவில்லை.

'கேட்டிருக்கலாமே' என்போம். 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். எஞ்சியோருக்கு அது கிடைத்தது 2003இல்தான். அதிகாரிகள் முன் கேள்வி கேட்டுப் பழகாதவர்கள். "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஒரு பாட்டியம்மா பிரஷருக்கு முன்பு கொடுத்த மாத்திரையையும், புதிதாக மாற்றிக் கொடுத்ததையும் சேர்த்தே விழுங்கி வந்தார். பீலிக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து கை முறிந்தது. இரண்டு நாள் முன்புதான் நாங்கள் அவரைப் பார்த்து, பழம் கொடுத்து, செபித்துவிட்டு வந்தோம். மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையது.

இப்போது நாங்கள் மூன்று காரியம் செய்கிறோம். பழைய மருந்தையும் புதியதையும் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, எதை நிறுத்துவதென்று கேட்டு, தமிழில் எழுதி ஒட்டுகிறோம். கிளினிக் தேதியைக் கலண்டரில் வட்டமிடுகிறோம். மூச்சுத் திணறல், கால்வீக்கம், புண்ணில் சீழ் கண்டால் தேதி வரும்வரை காத்திராதே என்று வீட்டாருக்குச் சொல்கிறோம்.

ஆனால் கிளினிக்குக்குக் கூடப்போக ஆளில்லை. மகன் கொழும்பில், மருமகள் போனால் அன்றைய பேர் போய்விடும். சிங்களமும் ஆங்கிலமும் படித்த இளைஞர்களே, மாதம் ஒரு காலைப்பொழுது தாருங்கள். கிளினிக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அதுவே போதும்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்தார், செலவுக்குக் கொடுத்தார், திரும்பி வருவேன் என்றார். நாமும் திரும்பிப் போவோம்.