சல்லடையின் ஒரு கண்



வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையிலே சாமை விளைகிறது. அதனை உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து உமியை நீக்குவர். பிறகு சல்லடையில் சலித்து நொய்யைப் பிரிப்பர். சல்லடைக் கண்களுள் ஒன்று சற்றே விரிந்திருந்தால், நொய்யோடு நான்கு முழு மணிகளும் சிந்தும். அதனால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை.

அம்மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும் லாரியின் டீசல் வடிகட்டி அடைத்துக்கொண்டால் வண்டி வளைவிலே நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி, வடிகட்டியை மாற்றிப் பயணத்தைத் தொடரலாம். வானிலே செல்லும் விமானத்திற்கு இறங்கி நிற்க இடம் ஏது? ஆதலின் அதன் எஞ்சினுக்குள் அமைந்த சல்லடைகள் வேறு வகையானவை. அவற்றைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

எஞ்சினுள் எரிபொருளும் மசகெண்ணெயும் ஓயாது ஓடுகின்றன. அவற்றின் வழியில் பெரிய வடிகட்டிகள் உண்டு. அவற்றையும் தப்பிவரும் துகளைத் தடுக்க, எரிபொருள் தெளிக்கும் முனைகளுக்கும் எண்ணெய் பீச்சும் துளைகளுக்கும் முன்னே சிறிய உலோகச் சல்லடைகளை வைப்பர். இவை கடைசிக் காவலர்கள்.

இச்சல்லடை, துருப்பிடியாத எஃகுக் கம்பியால் தறியில் நெய்யப்படுவது. துணியைப் போலவே இதற்கும் பாவும் ஊடையும் உண்டு. ஓர் அங்குலத்திற்கு 200 கண்கள் கொண்ட வலையில், ஒரு சதுர அங்குலத்தில் 40,000 கண்கள் அமையும். ஒவ்வொரு கண்ணின் அகலமும் ஏறத்தாழ 75 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு. இதனினும் நுண்ணிய துகளைப் பிடிக்க டச்சு நெசவு என்னும் முறை உண்டு. அதில் பருத்த பாவுக் கம்பிகளின் மேல் மெல்லிய ஊடைக் கம்பிகளை நெருக்கி அடித்து நெய்வர். நேர்வழி இல்லாமையால் எண்ணெய் வளைந்து வளைந்தே செல்லும், துகள் சிக்கிக்கொள்ளும்.

நெய்த வலையை, உருகுநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பத்தில், வெற்றிட உலையில் சுடுவதும் உண்டு. அப்போது கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எஞ்சினின் அதிர்விலும் கம்பி நகராது, கண் விரியாது, இழை பிரிந்து எண்ணெயில் விழாது.

40,000 கண்களும் ஒழுங்காக உள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பது யார்? அதற்கோர் எளிய சோதனை உண்டு. சல்லடையை ஆல்கஹாலில் அமிழ்த்தி, அடியிலிருந்து காற்றழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுவர். முதற் குமிழி எங்கே எழுகிறதோ அங்கேதான் மிகப் பெரிய துளை இருக்கிறது. குறித்த அழுத்தத்திற்கு முன்னரே குமிழி எழுந்தால், மற்ற கண்கள் அனைத்தும் நன்றாயிருந்தும் அச்சல்லடை தள்ளுபடியே! சல்லடையின் தரத்தை அதன் சராசரிக் கண் தீர்மானிப்பதில்லை. மிக மோசமான கண்ணே தீர்மானிக்கிறது.

வடிகட்டிக்கு இன்னொரு கடமையும் உண்டு: தானே மாசாகிவிடக் கூடாது. 2010 ஏப்ரல் 13 அன்று, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங்கிற்கு 322 பேருடன் கேத்தே பசிபிக் விமானம் ஒன்று பறந்தது. சுரபாயா விமான நிலையத்தின் எரிபொருள் குழாய்களில் உப்புநீர் கலந்திருந்தது. எரிபொருள் நிரப்பும் வண்டியின் வடிகட்டியில், நீரை உறிஞ்சுவதற்காக ஒருவகைப் பாலிமர் இருந்தது. உப்புநீர் பட்டதும் அது நுண்ணிய உருண்டைகளாகி எரிபொருளோடு விமானத்திற்குள் புகுந்தது. எஞ்சின்களின் எரிபொருளை அளந்துவிடும் வால்வுகள் இறுகின. விமானிகள் இருவரும் மணிக்குச் சுமார் 425 கிலோமீட்டர் வேகத்தில் விமானத்தைத் தரையிறக்கினர். வெளியேறுகையில் பலர் காயமுற்றனர். எனினும் அனைவரும் உயிர் தப்பினர். காக்க வைத்த வடிகட்டியே அன்று பகையாயிற்று.

2019-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பெற்றது. அதன் ஐந்து மையங்களுள் ஒன்று, கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள சேலம். உங்களுள் சிலர் நாளை இத்தகைய தொழிற்கூடங்களில் பணி ஏற்கக்கூடும். 39,999 கண்கள் சரி என்று அங்கே எவரும் மனநிறைவு கொள்ள இயலாது. எஞ்சியிருக்கும் அந்த ஒரு கண்ணைத் தேடிக் காண்பதே தொழில்நுட்பம். அதை மறைக்காமல் எடுத்துச் சொல்வதே தொழில் நேர்மை.