சாட்சிக் கூண்டில் தமிழ்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் இருளர் பேசுவது தமிழே. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிவாவதும் தமிழிலேதான். அவ்வாறாயின் இருளர் சாட்சிக்கு மொழித்தடை ஏது என்று மாணவ நண்பர்கள் வினவக்கூடும். தடை உண்டு, அது தமிழுக்குள்ளேயே இருக்கின்றது.

செங்கற்சூளையில் உழைக்கும் ஒருவரிடம் ‘எதிரி யார்?’ என்று கேட்டால், தம் பகைவரைக் கேட்பதாகவே கொள்வார். நீதிமன்றத்திலோ அச்சொல் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்கும். ‘எத்தனை மணிக்கு? எத்தனை அடி தூரத்தில்?’ என்றால், விளக்கு வைக்கும் வேளை, கூப்பிடு தூரம் என்று விடை வரும். அது பொய்யன்று, அளவுகோல்தான் வேறு. நேரத்தை மக்கள் குத்துமதிப்பாகவே சொல்வர், அவ்வுணர்வு ஆளுக்கு ஆள் மாறும் என்று 1983இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. உண்மை பேசும் சாட்சியும் நீதிமன்றச் சூழலால் மிரளக்கூடும் என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

குறுக்கு விசாரணையின் வாக்கிய அமைப்போ இதனினும் கடியது. ‘நீர் அங்கே இருக்கவே இல்லை என்று சொன்னால் சரிதானே?’ என்பார் வழக்கறிஞர். சாட்சி மறுத்தால், ‘நான் அங்கே இருக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று ஏட்டில் ஏறும். வழக்கறிஞர் கட்டிய வாக்கியம் சாட்சியின் வாய்மொழியாகிவிடுகிறது! ‘ஆமாங்க’ என்று சொல்லிவிட்டாலோ? ‘இருந்தேன்’ என்பதா, ‘இருக்கவில்லை’ என்பதா? கற்றவரும் தடுமாறும் இடம் இது. முதலாளியிடமும் காவல் நிலையத்திலும் ‘ஆமாங்க’ என்று சொல்லியே தப்பிப் பிழைத்தவருக்கு அச்சொல் உடன்பாடன்று. பேச்சை முடித்துக்கொள்ளும் வழி.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இவ்வியல்பு கண்டறியப்பட்டது. அந்நாட்டு வடக்குப் பிரதேச நீதிமன்றம் 1976இல் அனுங்கா வழக்கில், விடையைத் தன்னுள் அடக்கிய வினாக்களைப் பழங்குடியினரிடம் கேட்கலாகாது என்று காவல் துறைக்கு நெறி வகுத்தது. ஆனால் நம் சட்டம் குறுக்கு விசாரணையில் அத்தகைய வினாக்களை அனுமதிக்கிறது.

ஆயினும் நீதிபதி எந்நேரமும் தாமே வினவித் தெளியலாம். பதிந்த சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பதும் விதி. ‘நான் இப்படிச் சொல்லலீங்க’ என்று அவர் அப்பொழுது மறுக்கலாம்; நீதிபதி பதிவைத் திருத்தலாம், அல்லது மறுப்பைக் குறித்துக்கொள்ளலாம். இவ்வுரிமையைக் கூண்டேறும் முன்பே சாட்சிக்கு விளக்குவோர் தேவை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று அமைத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தகையோருக்குத் துணைநின்று வந்துள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், தொண்டு அமைப்புகளின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டோரின் உரிமை என்றே எழுதியிருக்கிறது.