பனிக்கு அடியில் உழைக்கும் பூஞ்சாணங்கள்



மண்ணுக்கு உயிர் உண்டு என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கிறதே, அது நுண்ணுயிர்களின் வேலை. நனைந்த வைக்கோலில் வெள்ளை நூல் மாதிரி படர்கிறதே, அது பூஞ்சாணம். ஆனால் ஒரு பிடி மண்ணில் இவை எத்தனை வகை? எந்த மாதத்தில் எது வேலை செய்கிறது? இதைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையைப் பற்றியும், அதை வைத்து அமெரிக்காவில் ஒரு பனிமலையில் கண்ட அதிசயத்தைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

முன்பெல்லாம் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளியை அகர் கூழ் ஊற்றிய தட்டில் விட்டு வளர்ப்பார்கள். முளைத்து வருவதை எண்ணுவார்கள். நீங்கள் வாங்கும் அசோஸ்பைரில்லம் பொட்டலம்கூட இப்படிப் பிரித்தெடுத்து வளர்த்த நுண்ணுயிர்தான். ஆனால் இந்த முறையில் ஒரு குறை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்றுதான் தட்டில் வளரும் என்பது பொதுவான கணக்கு. ஊர் ஜனத்தொகையை எண்ணப் போனவர், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பிய கதைதான்!

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழி பிடித்தார்கள். எந்த உயிரானாலும் அதன் உடம்புக்குள் டி.என்.ஏ. என்ற மரபுப் பொருள் இருக்கிறது. தாய்விதையின் குணத்தைப் பயிருக்குக் கொண்டுபோவது அதுதான். ஒரு சிட்டிகை மண்ணை நுண்ணிய மணிகளோடு போட்டுக் குலுக்குவார்கள். நுண்ணுயிர்களின் உடம்பு உடைந்து டி.என்.ஏ. வெளியே வரும். அதில் எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரு மரபணுவை மட்டும் பிடித்துப் பெருக்குவார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 தடவை இரட்டித்தால் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். பிறகு அதிலுள்ள எழுத்துகளைப் படித்து ஒப்பிடுவார்கள். எழுத்து அதிகம் ஒத்துப்போனால் நெருங்கிய சொந்தம். மாறினால் தூரத்து உறவு. தட்டில் வளராத உயிரும் இதில் சிக்கிவிடும்.

இப்போது மலைக்குப் போவோம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடர் இருக்கிறது. அங்கே நிவாட் ரிட்ஜ் என்ற இடம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். மரம் வளராது; புல்லும் கோரையும் குட்டைச் செடிகளும்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடக்கும் இடங்கள் அங்கே நிறைய. அந்தக் குளிரில் மண்ணில் உள்ள உயிரெல்லாம் தூங்கும் என்றுதானே நாம் நினைப்போம்?

கிறிஸ்டோபர் ஷாட், ஸ்டீவன் ஷ்மிட் முதலிய விஞ்ஞானிகள் பனிக்கு அடியில் இருந்த மண்ணை ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வருஷத்திலேயே மண்ணில் நுண்ணுயிர் அதிகமாக இருந்தது பனிக்காலத்தில்தான்! அதிலும் பெரும்பங்கு பூஞ்சாணம். டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தால், அதுவரை யாரும் அறியாத மூன்று பெரிய பூஞ்சாணக் கூட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒரு கூட்டத்தைச் சேர்ந்த பூஞ்சாணத்தை வளர்த்தெடுத்து, 2011இல் ஒரு தனி வகுப்பாகவே பெயரிட்டார்கள். அதை வளர்த்தெடுத்தது வேறு இடத்தில், சுவீடன் நாட்டில்.

அந்தக் குளிரில் எப்படி உயிர் வாழ்கிறது என்று கேட்பீர்கள். கனமான பனி ஒரு கம்பளி மாதிரி. மேலே காற்று கடுங்குளிராக இருந்தாலும், அடியில் மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும். மண் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் இருக்கும். அதில்தான் வேலை நடக்கிறது. இலையுதிர் காலத்தில் மடிந்த சருகைத் தின்று, தழைச்சத்தைத் தங்கள் உடம்பிலேயே சேர்த்து வைக்கின்றன. பனி உருகும்போது இந்தக் குளிர்காலக் கூட்டம் பெருமளவு மடிகிறது. சேர்த்து வைத்த தழைச்சத்து வெளியே வருகிறது. சரியாக அதே நேரத்தில் செடிகள் துளிர்விட்டு அதை எடுத்துக்கொள்கின்றன. அங்குள்ள ஒரு வகைக் கோரை, அமினோ அமிலமாகவே தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். உரம் போட ஆள் இல்லாத மலையில், சேமிப்பும் பட்டுவாடாவும் இப்படி நடக்கிறது.

இங்கேதான் ஒரு கவலை. பூமி சூடேறி, மேற்கு அமெரிக்க மலைகளில் பனி குறைந்து வருகிறது. கம்பளி மெலிந்தால் குளிர்காலத்தில் மண் அதிகமாகக் குளிரும். அதே மலைச்சரிவுக் காட்டில் நடந்த ஆராய்ச்சி 2006இல் வெளியானது. பனி குறைந்த குளிர்காலத்தில் மண்ணிலிருந்து வரும் கரியமில வாயு குறைந்தது, அதாவது நுண்ணுயிர்களின் வேலை குறைந்தது என்று அது காட்டியது. தழைச்சத்து வெளிவரும் நேரமும் செடி கேட்கும் நேரமும் தவறிப்போனால், சத்து உருகிய நீரோடு ஓடைக்குப் போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். டி.என்.ஏ. யார் இருக்கிறார் என்று சொல்லும். என்ன வேலை செய்கிறார் என்று முழுக்கச் சொல்லாது. செத்த உயிரின் டி.என்.ஏ.வும் மண்ணில் கொஞ்ச நாள் கிடக்கும். அதனால்தான் வாயுவையும் தழைச்சத்தையும் கூடவே அளக்கிறார்கள்.

நமக்குப் பனிமலை இல்லை. ஆனாலும் தழைச்சத்தை நுண்ணுயிர் பிடித்து வைத்து, பிறகு விடுகிற காரியம் நம் வயலிலும் நடக்கிறது. பச்சை வைக்கோலை உழுது மடக்கிய உடனே நட்டால் பயிர் மஞ்சளாவது ஏன்? வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர், மண்ணில் உள்ள தழைச்சத்தை முதலில் தனக்கு எடுத்துக்கொள்கிறது. ஆகவே தாளையும் வைக்கோலையும் கொளுத்த வேண்டாம். நடவுக்குச் சில வாரம் முன்னதாகவே மடக்கி உழுது, மட்க விடுங்கள். பிடித்து வைத்ததை மண் திருப்பிக் கொடுக்கும்போது, பயிர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும்.