பள்ளிச் சிறுமியின் உணவும் கர்ப்பிணியின் நலமும்

கர்ப்பிணிப் பெண்களின் உணவும் பள்ளிச் சிறுவரின் உணவும் அரசு நிர்வாகத்தில் இரு வேறு பொறுப்புகளாகவே கருதப்பட்டு வருகின்றன. முன்னது அங்கன்வாடியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சார்ந்தது. பின்னது பள்ளிக்கூடத்தைச் சார்ந்தது. நிர்வாக வசதிக்கு இப்பிரிவினை பொருத்தமானதே. ஆனால், மனித உடல் துறைவாரியாக வளர்வதில்லை. இன்று மதிய உணவு வரிசையில் நிற்கும் சிறுமியே சில ஆண்டுகளுக்குப் பின் கர்ப்பிணியாகச் சுகாதார நிலையத்திற்கு வருகிறாள். இவ்விரு பருவங்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஊட்டச்சத்து ஆராய்ச்சி படிப்படியாகத் தெளிவாக்கியுள்ளது.

ஆராய்ச்சியின் தொடக்கம்

1918-ஆம் ஆண்டில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் ஒரு சிறு பிரிவு ஏற்பட்டது. அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கி வருகிறது.

1928-இன் இறுதியில் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஜவுளி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளிடையே கடுமையான ஒருவகை இரத்த சோகை பரவியிருப்பதை ஆராய்ந்தார். தொற்றுநோய் இதற்குக் காரணமன்று. உணவுக் குறைபாடே காரணம் என்ற முடிவிற்கு அவர் வந்தார். ஈஸ்ட் சாறு இந்நோயைக் குணப்படுத்துகிறது என்பதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் விளங்கிற்று. 1941-இல் அது கீரையிலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பேறுகாலத் துன்பத்தின் வேர் அடுக்களையில் இருக்கக்கூடும் என்ற உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

மாத்திரையின் எல்லை

1970-இல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. எனினும், 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்த சோகையுடன் இருந்தனர். 180 நாட்களுக்கு மாத்திரை உட்கொண்ட தாய்மார் 26 சதவீதத்தினரே.

மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படாதது ஒரு காரணம். வேறு இரண்டும் உண்டு. முதலாவது, தானியம் மிகுந்த உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியே உடலில் சேர்கிறது. தானியத்திலுள்ள ஃபைட்டேட்டும் உணவோடு அருந்தும் தேநீரும் அதனைத் தடுக்கின்றன. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அதற்குத் துணைபுரிகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஒரு கர்ப்பத்திற்கு மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உடலில் சேமிப்பு எதுவுமின்றி வரும் பெண், இக்கடனைச் சில மாதங்களில் தீர்க்க இயலாது. அதே ஆய்வில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதத்தினர் இரத்த சோகையுடன் காணப்பட்டனர். கர்ப்பிணிகளுக்கு 11 கிராம், மற்றப் பெண்களுக்கு 12 கிராம் என ஹீமோகுளோபின் அளவுகோல் வேறுபடுவதால் இவ்விரு எண்களையும் நேராக ஒப்பிடுவது முறையன்று. ஆயினும், குறைபாடு கர்ப்பத்தில் தோன்றுவதன்று. அதற்கு முன்பே குடிகொண்டிருப்பது என்பது தெளிவு.

கருவுறுமுன் உணவு

மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு இதனைச் சோதித்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே ஒரு பிரிவுப் பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி அளிக்கப்பட்டது; மற்றொரு பிரிவுக்குச் சத்துக் குறைந்த காய்களால் ஆன சிற்றுண்டி. 2014-இல் வெளியான முடிவுகளின்படி, மொத்தத்தில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பேனும் சிற்றுண்டியைத் தொடங்கியோரின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. மிக மெலிந்த தாய்மாரிடம் இப்பயனும் காணப்படவில்லை. ஆண்டுக்கணக்கான குறையைச் சில மாதச் சிற்றுண்டி ஈடுசெய்துவிடாது என்பதே இதன் பாடம்.

பள்ளி உணவின் நீண்ட பயன்

1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் பல மாநிலங்கள் தானியத்தை மட்டுமே வழங்கின. சமைத்த உணவே வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. 2021 முதல் பி.எம். போஷண் எனப்படும் இத்திட்டத்தில், தொடக்கப் பள்ளிச் சிறுவருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், உயர் தொடக்கப் பள்ளியில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் அளவாக வகுக்கப்பட்டுள்ளன.

2021-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடக்கப் பள்ளிப் பருவத்தில் இவ்வுணவைப் பெற்ற பெண்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்ததைக் காட்டிற்று. அப்பெண்கள் கூடுதலாகக் கல்வி கற்றதும், மணவயது தள்ளிப்போனதும், பேறுகாலக் கவனிப்பை நாடியதும் இப்பயனில் பங்கு பெறுகின்றன. ஒரு தலைமுறைக்கு இட்ட சோறு அடுத்த தலைமுறையையும் சென்றடைகிறது.

இடைவெளி எங்கே?

மத்திய அரசின் பள்ளி உணவு எட்டாம் வகுப்புடன் நின்றுவிடுகிறது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற சில மாநிலங்களே அதனைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டித்துள்ளன. 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கான தனித் திட்டம் 2022 முதல் முன்னேற்றம் நாடும் மாவட்டங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் உரியதாக உள்ளது. பூப்பெய்தி, விரைந்து வளர்ந்து, இரும்புத் தேவை மிகும் அந்த ஆண்டுகளில்தான் பெரும்பாலான சிறுமியர் உணவுத் திட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர். பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுமிக்கு வாராந்திர மாத்திரையும் எளிதில் எட்டுவதில்லை.

எனவே, செய்யத்தக்கவை பெரும்பாலும் எளியவையே. பள்ளிச் சமையலில் பருப்பும் கீரையும் உரிய அளவில் இடம்பெறுகின்றனவா என அதிகாரிகள் நேரில் காண வேண்டும். பள்ளியை விட்டு விலகிய சிறுமியின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் ஏற வேண்டும். வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கம் மாற வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரியே. வளரும் பருவத்தில் போதிய உணவு பெற்ற பெண்ணுக்கு அது பயன் தரும். அப்பருவத்தைப் பசியோடு கடந்தவளுக்கு அது மட்டும் போதாது.