பார்ப்பவருக்கு வாசிக்கத் தெரியுமா?



2018 பெப்ரவரி 26, இரவு நேரம். அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் போட்டார். கறிக்குள் ஏதோ கட்டி கிடக்கிறதாம். அது சிங்கள ஆண்களை மலடாக்கும் மருந்தாம். கூட்டம் கூடியது. கல்லாவில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நின்று அதட்டியவர்கள் கேட்டது முழுதாக விளங்காமல், ஓமென்பதுபோல் ஏதோ பதில் சொல்லிவிட்டார். சில விநாடிகள்தான். அது கைத்தொலைபேசியில் பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் பேஸ்புக்கில் ஏறியது. அந்த இரவே கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு வந்தது. கறிக்குள் கிடந்தது மாவுக் கட்டி. சாப்பாட்டில் கலந்து ஆணை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை.

இந்தப் பட்டமளிப்பு நடக்கும் கல்முனைக்குடி இருக்கும் அதே மாவட்டத்தில் நடந்தது இது. வதந்தியின் கதை என்றுதான் பலரும் இதைச் சொல்வார்கள். இன்று பட்டம் பெறுபவர்கள் இதை மொழியின் கதையாகவும் கேட்க வேண்டும். கேட்ட மொழி ஒன்று, பதில் சொன்னவரின் மொழி வேறு. அந்தப் பதிவைச் சுமந்து ஊரூராகக் கொண்டுபோன கம்பனிக்கோ இரண்டு மொழியும் சரியாகத் தெரியாது.

அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகள் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறையில் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை தங்கள் விதிமுறைகளை மீறவில்லை என்ற பதிலே பேஸ்புக்கிடமிருந்து கிடைத்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த போதிய ஆட்களை அது வைத்திருக்கவில்லை. இலங்கையின் சிவில் அமைப்புகள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. 2020 மே மாதத்தில்தான் அந்த நிறுவனம் இலங்கையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கும் அதனால் விளைந்த பாதிப்புக்கும் மன்னிப்புக் கேட்டது.

ஒருவர் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றார், எந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டார் என்பதெல்லாம் இந்தக் கம்பனிகளுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் விளம்பரம் விற்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில் 8 கோடி 70 இலட்சம் பேர் வரையானோரின் விவரங்கள் முறையற்ற விதத்தில் வெளியே போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே 2018இல் ஒப்புக்கொண்டது; அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அதற்கு 500 கோடி டொலர் அபராதம் விதித்தது. செருப்புக் கணக்கை அவ்வளவு நுணுக்கமாக வைத்திருந்த நிறுவனம், கொலை மிரட்டலை அது எழுதப்பட்ட மொழியில் வாசிக்க ஆள் வைக்கவில்லை. விளம்பரத்தில் வருமானம் இருந்தது, மொழி தெரிந்த ஆளை அமர்த்தினால் செலவுதான் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

இனி அரசாங்கத்தின் பக்கம்.

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய வாரங்கள். ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்தியிருந்த சட்டையில் இருந்தது தர்மச் சக்கரம் என்று பொலிஸ் கருதியது. அது கப்பலின் சுக்கான் சக்கரம். கடற்கரை ஊரில் வளர்ந்த ஒரு சின்னப்பிள்ளைகூட அதைப் பார்த்ததும் சொல்லியிருக்கும். அவர் இரண்டு வாரங்களுக்கு மேல் உள்ளே இருந்தார்.

2020 ஏப்ரலில் றம்ஸி ராசீக் என்ற ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதற்கு அவர் பயன்படுத்திய சொல் ஜிஹாத். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாதங்களுக்கு மேல் அவரைத் தடுத்து வைத்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைது சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் சொன்னது.

மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீமின் கதை இன்னும் நீண்டது. அவர் எழுதிய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகள் அந்தத் தொகுப்பிலேயே இருந்தன. தமிழ் தெரிந்தவர் ஒரு மாலைப் பொழுதில் வாசித்து முடிக்கக்கூடிய புத்தகம் அது. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை கிடைத்தது 2023 டிசம்பரில். பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் பிறந்த இந்த ஊரில், ஒரு கவிதையை இப்படி வாசிக்கலாமா என்று கேட்பதற்கு இலக்கியத்தில் பட்டம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அவ்வளவு பயங்கரத்துக்குப் பிறகு அரசாங்கம் கண்காணிக்காமல் இருக்க முடியுமா? நேர்மையான கேள்வி. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஐந்தே நாளில் அந்தப் பயங்கரம் அடுத்த ஊரான சாய்ந்தமருதுக்கு வந்தது. தாக்குதல் கும்பல் பதுங்கியிருந்த ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்துக் குழந்தைகளும் செத்தார்கள். வெடிச்சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். அந்த நாட்களில் அறபு எழுத்து இருந்த காரணத்துக்காகவே புத்தகங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்த வீடுகளையும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தாக்குதலைத் தடுக்க முடியாமல் போனதற்குத் தகவல் இல்லாதது காரணமல்ல. இந்தியப் புலனாய்வுத் துறை ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்திருந்தது. அது இலங்கை அதிகாரிகளின் மேசைக்கு வந்தது, மேசை மேசையாக நகர்ந்தது, அங்கேயே கிடந்தது. காத்தான்குடி முஸ்லிம்கள் அதற்குப் பல காலம் முன்பே தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் கும்பலைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் முன்னாள் மேலதிகாரிகளும் செலுத்த வேண்டும் என்றது. சாய்ந்தமருது வீட்டைப் பற்றிப் பொலிஸுக்குச் சொன்னதும் எந்தக் கருவியுமல்ல. புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகப்பட்ட ஊர்ச்சனங்கள்தான் சொன்னார்கள்.

எச்சரிக்கைக் கடிதத்தை வாசிக்காத அரசு அடுத்த ஆண்டே கவிதைப் புத்தகத்தைக் குற்றப்பத்திரிகையாக வாசித்தது. இன்னும் அதிக தரவு வேண்டும் என்று அது கேட்கும்போது தயங்குவதற்கு இந்த ஊர் மக்களுக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் ஊரிலும் உண்டு. அவர்கள் பழைய கல்முனைக்குடியை நினைத்துப் பார்க்கலாம். சுனாமிக்கு முன்னர் வளவுக்கு வளவு கிடுகு வேலி. வேலிக்குள்ளால் பார்த்தால் எல்லாம் தெரியும், ஆனாலும் யாரும் பார்ப்பதில்லை. கடப்படியில் நின்று ஸலாம் சொல்லி, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் கால் வைப்பார்கள். பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கச் சொல்வது சூரத்துந் நூர். பிறர் குறைகளைத் துருவித் துருவித் தேடாதே என்று தடுப்பது சூரத்துல் ஹுஜுராத். தனியுரிமை மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சொல்பவர்களுக்கு மதரஸாவில் ஓதும் பிள்ளையே பதில் சொல்லிவிடும். அந்த வேலிக்குள் ஒளிப்பதற்கு என்ன இருந்தது? மனிதர்கள் வாழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

இன்று அந்த வேலி எங்கே போயிற்று என்று அறிய ஓர் அடையாள அட்டையைக் கையில் எடுத்தால் போதும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். புதிய 12 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான். ஆண்டு மட்டும் நான்கு எண்ணாக இருக்கும். எனவே சிம் வாங்கிய கடையில், நகை அடகுவைத்த இடத்தில், வேலைக்கு விண்ணப்பித்த கந்தோரில் கொடுத்த ஒவ்வொரு போட்டோகொப்பியும் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. அதே அட்டையைச் சோதனைச் சாவடியில் நீட்டி, பெயரையும் ஊரையும் சிப்பாய் வாசிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைமுறைதான் இன்று பார்வையாளர் வரிசையில் இருக்கிறது.

இப்போது அதற்கடுத்த அட்டை வரவிருக்கிறது. கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பதியும் டிஜிட்டல் அடையாளத் திட்டம். இந்திய அரசின் நன்கொடையில் நடக்கும் இதற்கு 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாகக் கிடைத்தது. இந்தியாவின் ஆதார் அடையாளத் திட்டத்தின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 ஜனவரியில் ‘த ட்ரிபியூன்’ பத்திரிகையின் நிருபர், வட்ஸ்அப்பில் கிடைத்த ஒரு தரகருக்கு 500 ரூபா கொடுத்து, சில நிமிடங்களில் ஆதார் விவரங்களைத் திறக்கும் வழியைப் பெற்றதாக எழுதினார். ஆதார் ஆணையம் அந்த நிருபரின் பெயரையும் சேர்த்தே பொலிஸில் முறைப்பாடு செய்தது. அதே இந்தியாவில்தான் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2017 ஓகஸ்ட் 24இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். இலங்கையின் 1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளின் வரிசையில் தனியுரிமை எழுதப்படவில்லை.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு இருக்கின்றன, தற்செயலாக இரண்டும் 9ஆம் இலக்கம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். இணையத்தில் எந்தக் கூற்றைத் தடைசெய்வது என்று தீர்மானிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவை அமைப்பது. இரண்டாவது சட்டம் 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறி, பெப்ரவரி 1இல் சபாநாயகரின் கையொப்பம் பெற்று நடைமுறைக்கு வந்தது. எட்டே நாள். முதலாவது சட்டத்துக்கு 2022 மார்ச் 19இல் கையொப்பம் கிடைத்தது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18இல் அமுலாகும் என்று குறித்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் காத்திருந்த அந்த நாளும் கடைசியில் பிற்போடப்பட்டது.

கணினி படித்தவர்களும் கணக்கியல் படித்தவர்களும் இங்கே பட்டம் பெறுகிறார்கள். சிலர் கொழும்பில் மென்பொருள் எழுதப் போவார்கள். சிலர் டுபாய்க்குப் போவார்கள். அங்கிருந்து உம்மாவுக்கு வட்ஸ்அப்பில் பேச முடியாமல் வேறு செயலி தேடும்போது, ஓர் அரசாங்கம் நினைத்தால் எதை மூடலாம் என்று தெரிந்துகொள்வார்கள். பலர் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். படிவம் தயாரிப்பதும் தரவை ஏற்றுவதும் அவர்களின் வேலையாகிவிடும். மதம் என்ற கட்டம் இந்தப் படிவத்தில் எதற்கு என்று மேலதிகாரியிடம் கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் அவர்களாகவே இருக்கக்கூடும். பிழையாக ஏறிய பெயரைத் திருத்த எங்கே போக வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்டக்கூடியவர்களும் அவர்கள்தான்.

டிஜிட்டல் அடையாளத்துக்கான பதிவு இந்த ஊருக்கு வரும் நாளில், கல்முனையில் ஒரு நீண்ட வரிசை நிற்கும். வலை பின்னியும் பாய் இழைத்தும் ரேகை தேய்ந்த விரல்களோடு ஒரு வயதான உம்மா முன்னால் வருவார். கருவி இரண்டு தடவை ஏற்காது. மூன்றாம் தடவை விரலைத் துடைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் இருக்கும் இளம் உத்தியோகத்தரைப் பார்த்து, “இது என்னத்துக்கு புள்ள?” என்று கேட்பார். அந்த உத்தியோகத்தர் இன்று இந்த மண்டபத்தில் பட்டம் பெறுபவராக இருக்கலாம். அந்த ரேகையை யார் வைத்திருப்பார், யாருக்குக் கொடுப்பார், பிழையானால் யாரிடம் கேட்பது என்று அந்த உம்மாவின் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விரலைப் பிடித்துக் கருவியில் வைக்கும் பிள்ளையாக அவர் இருக்க வேண்டும் என்பதே துஆ.